வட்டாரப் புத்தாக்கத் திட்டங்களில் வடிவமைப்புத் தர உறுதிமொழி: எதை எழுதினால் அது கட்டுப்படுத்தும்?

கேள்வி: முகத்துவாரன்

வணக்கம். மூடப்பட்ட தொழிற்சாலைகளும் கைவிடப்பட்ட கப்பல் துறைகளும் நிறைந்த ஓர் ஆற்று முகத்துவாரப் பகுதியை, அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் குடியிருப்பும் பணியிடமும் பசுமைவெளியும் கொண்ட வட்டாரமாக மாற்றும் திட்டமொன்றின் செயலகத்தில் பணிபுரிகிறேன். திட்ட எல்லைக்குள் பல உள்ளாட்சி அமைப்புகள், ஒரு துறைமுக நிர்வாகம், சாலைத் துறை, நீர்வளத் துறை, சிறிதும் பெரிதுமான வீட்டுமனை நிறுவனங்கள் எனப் பலரும் இருக்கிறார்கள். இவர்கள் அனைவரும் கையெழுத்திடக்கூடிய வடிவமைப்புத் தர உறுதிமொழி ஒன்றை வரைந்து தரும் பொறுப்பு எங்கள் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

முதல் வரைவு தயாராகிவிட்டது. அதைப் படிக்கும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. "உயர்தரமான, நிலைத்து நிற்கக்கூடிய, அனைவரையும் உள்ளடக்கிய சூழலை உருவாக்குவோம்" என்பதில் தொடங்கி இரண்டு பக்கங்களுக்கு இவ்வாறே செல்கிறது. இதை மறுப்பவர் எவரும் இரார். கையெழுத்திட்ட மறுநாள் இதனால் தம் வேலையில் எதையேனும் மாற்றிக்கொள்பவரும் இரார்.

எனவே அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன். இத்தகைய ஆவணம் நடைமுறையில் எங்கேனும் பயன் தந்திருக்கிறதா, தந்திருந்தால் அதில் எழுதப்பட்டிருந்தது என்ன? தனியொரு கட்டடத்துக்கோ நகர்ப்பகுதிக்கோ அல்லாமல் பல ஊர்களை உள்ளடக்கிய வட்டாரம் முழுமைக்கும் தரத்தை யார் கண்காணிப்பது? கூடுதல் நிபந்தனை விதித்தால் முதலீடு அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும் என்று எங்கள் நிதிப் பிரிவு அஞ்சுகிறது. அதற்கு என்ன விடை சொல்வது?

பதில்: நீர்நிலம்

நான் நிலத்தோற்றக் கட்டமைப்புத் துறையைச் சேர்ந்தவள். வட்டார அளவில் தரத்தைக் கண்காணித்த முயற்சிகளுள் நெதர்லாந்தின் "ஆற்றுக்கு இடம்" திட்டத்தையே முதலில் பார்க்கச் சொல்வேன். 1993-லும் 1995-லும் ரைன், மாஸ் ஆறுகளில் பெருவெள்ளம் வந்தது. 1995-இல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. கரைகளை மேலும் மேலும் உயர்த்துவதை விடுத்து, ஆறு பரவுவதற்கு இடம் கொடுப்பது என்று பின்னர் முடிவாயிற்று. முப்பதுக்கும் மேற்பட்ட இடங்கள், சுமார் 230 கோடி யூரோ செலவு, ஏராளமான உள்ளாட்சிகளும் நீர் வாரியங்களும் என்று பார்த்தால், சிக்கலில் உங்கள் திட்டத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

அங்கே கவனிக்க வேண்டியது, தரம் ஒரு முன்னுரை வாசகமாக நின்றுவிடவில்லை என்பதே. வெள்ளப் பாதுகாப்பு முதல் குறிக்கோள் என்றால், இடத்தின் தரத்தை மேம்படுத்துவது இரண்டாவது குறிக்கோளாக அரசின் முடிவு ஆவணத்திலேயே எழுதப்பட்டது. லோபித் என்ற இடத்தில் ரைன் ஆறு விநாடிக்கு 16,000 கன மீட்டர் நீரைப் பாதுகாப்பாகக் கடத்த வேண்டும் என்று முதல் குறிக்கோளுக்கு ஓர் எண் இருந்தது. இரண்டாவதற்கு எண் கிடையாது. எண் இல்லாத குறிக்கோள் எண் உள்ள குறிக்கோளிடம் தோற்றுவிடும் என்பதை உணர்ந்ததால்தான், அதற்கென்று ஆட்களை அமர்த்தினார்கள். டிர்க் சைமன்ஸ் என்ற நிலத்தோற்றக் கலைஞரின் தலைமையில் சிறியதொரு தரக்குழு அமைந்தது. நீரியல், சூழலியல், நகர வடிவமைப்பு எனப் பல துறையினரும் அதில் இருந்தனர். அக்குழு ஒவ்வோர் இடத்துக்கும் நேரில் சென்றது. ஒருமுறை பார்த்துச் சான்றிதழ் வழங்கிவிட்டு வராமல், கோடு போடும் நிலையிலிருந்தே திரும்பத் திரும்பச் சென்றது. நீரியல் பயன், சூழலியல் உறுதி, பண்பாட்டுப் பொருளும் அழகும் என்ற மூன்றையும் ஒருசேரப் பார்த்தது.

குழுவின் பரிந்துரைகள் எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. ஆயினும் அவை திட்டத் தலைமைக்கு எழுத்தில் போயின. புறக்கணிப்பவர் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. நைமேகன் நகரில் வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் உள்தள்ளி, புதிய கிளைக்கால் வெட்டி, இடையில் ஒரு தீவை உருவாக்கினார்கள். ஐம்பது வீடுகள்வரை இடிக்க நேர்ந்த வேலை அது. இன்று மக்கள் அங்கே நீராடவும் நடக்கவும் போகிறார்கள். வெள்ளத் தடுப்பை மட்டும் பார்த்திருந்தால் அங்கே ஒரு கால்வாய் கிடைத்திருக்கும், நகரம் இன்னும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கும்.

உங்கள் ஆவணத்தில் ஒரே ஒரு கூறு இடம்பெற முடியும் என்றால், தரக்குழுவை யார் அமர்த்துவது, அது எந்தக் கட்டத்தில் நுழைவது, அதன் குறிப்பை யார் மேசையில் வைப்பது என்பதையே எழுதுங்கள். பெயரடைகளை எல்லாம் அடித்துவிடலாம்.

பதில்: மனைக்கணக்கு

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அது அரசே கட்டி, அரசே செலவு செய்த திட்டம். வீட்டுமனை நிறுவனங்கள் கட்டும் இடத்தில் குழுவின் அறிவுரைக்கு எவ்வளவு மதிப்பு என்பது, நிலம் அப்போது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நான் நில மதிப்பீட்டுத் துறையில் இருப்பவன், ஆகவே உங்கள் நிதிப் பிரிவின் அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு நிறுவனம் மனைக்கு என்ன விலை கொடுக்கும் என்பது கழித்தல் கணக்கு. கட்டிமுடித்த வீடுகள் எவ்வளவுக்கு விற்கும் என்று மதிப்பிட்டு, அதிலிருந்து கட்டுமானச் செலவையும் வட்டியையும் வரிகளையும் தன் இலாபத்தையும் கழித்தால் எஞ்சுவதுதான் நிலத்துக்கு அது தரக்கூடிய தொகை. அகலமான நடைபாதை, நல்ல செங்கல், ஒவ்வொரு வீட்டுக்கும் இருபுறக் காற்றோட்டம் என்ற நிபந்தனைகள் நிலம் கைமாறுவதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தால், அவற்றின் செலவு பெருமளவு நில விலையிலிருந்து கழிந்துவிடும். சுமை நிலம் விற்பவர்மேல் விழும். அதே நிபந்தனைகள் நிலம் விற்ற பிறகு வந்தால், நிறுவனம் தாராளமாக மதிப்பிட்டு விலையை முன்பே கொடுத்துவிட்டிருக்கும். வேறு எங்கும் குறைக்க வழியில்லாமல் கட்டடத்தில்தான் குறைக்கும். முதலீட்டாளரை விரட்டுவது பெரும்பாலும் தரத்தின் அளவன்று, அது பாதிவழியில் மாறுமோ என்ற ஐயமே. போட்டியாளர் மலிவாகக் கட்டிக்கொள்ளச் சலுகை பெற்றுவிடுவார் என்ற சந்தேகம் இருக்கும்வரை எவரும் நேர்மையாக விலை கூற மாட்டார்கள்.

இதை நடைமுறையாக்கிய இடம் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் எழுந்த ஹாஃபன்சிட்டி என்ற புதிய நகர்ப்பகுதி. 157 ஹெக்டேர், முதன்மைத் திட்டம் 2000-இல் ஏற்கப்பட்டது. நிலம் நகரத்துக்குச் சொந்தம், அதை மேலாண்மை செய்வது நகரத்தின் நிறுவனம். குடியிருப்பு மனைகளில் அதிக விலை கேட்பவருக்கே நிலம் என்று கொடுக்காமல், முன்வைக்கும் கருத்துருவுக்கு 70 விழுக்காடும் விலைக்கு 30 விழுக்காடும் மதிப்பளித்துத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வானவருக்கும் உடனே பத்திரம் எழுதித் தருவதில்லை. ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு அந்த மனை அவருக்காக ஒதுக்கி வைக்கப்படும். அதற்குள் அவர் மண் ஆய்வு செய்ய வேண்டும், நகரத்துடன் சேர்ந்து வடிவமைப்புப் போட்டி நடத்த வேண்டும், கட்டட அனுமதி பெற வேண்டும். சொன்னதைச் செய்தால் நிலம் கைக்கு வரும், செய்யாவிட்டால் நகரம் மனையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கண்டிப்பான சொற்கள் எதுவும் தேவைப்படாத கண்டிப்பு இது.

தரம் எங்கே கசிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுமதிக்குத் தரும் படத்தில் ஜன்னல், சுவரின் வெளிமுகத்திலிருந்து 100 மில்லிமீட்டர் உள்வாங்கி, ஆழமான நிழலோடு இருக்கும். அந்தப் படம் பெரும்பாலும் 1:100 அளவில் வரையப்பட்டிருக்கும். அந்த அளவில் உள்வாங்கல் ஒரே ஒரு கோடு. அனுமதி கிடைத்தபின் வடிவமைத்த கட்டடக்கலைஞர் விலக்கப்பட்டு, ஒப்பந்ததாரரின் வரைபடக்காரர் வருவார். ஜன்னல் சுவர் முகத்தோடு முகமாக நகரும். அடியில் நீர் சொட்டுவதற்கான பலகை மெலியும். மழைநீர்க் குழாய் உட்சுவரிலிருந்து முகப்புக்கு வந்துசேரும். மூன்றும் தனித்தனியே "சிறு மாற்றம்" என்று ஒப்புதல் பெற்றிருக்கும். சில மழைக்காலங்களுக்குள் ஜன்னல் ஓரங்களில் கறை இறங்கிவிடும். இதற்கு மருந்து எளிது: 1:20 அளவில் சுவர், ஜன்னல், கூரை விளிம்பு ஆகியவற்றின் வெட்டுப்படங்களை நில விற்பனை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே சேர்த்துவிடுங்கள். முழு அளவில் ஒரு மாதிரிச் சுவரைக் களத்தில் கட்டச்செய்து, அதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்து, கடைசிக் கட்டடம் முடியும்வரை இடிக்காமல் வைத்திருங்கள்.

பதில்: இரண்டாம்பார்வை

இருவரும் வெற்றி பெற்ற கதைகளையே சொல்லியிருக்கிறீர்கள். கேட்பவரின் திட்டத்துக்கு மிக நெருங்கிய முன்னுதாரணம் வேறொன்று, அதன் கதை அவ்வளவு இனிமையானதன்று. லண்டனின் கிழக்கிலிருந்து தேம்ஸ் ஆற்றின் இரு கரைகளிலும் கடல் முகத்துவாரம்வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு மேல் நீளும் "தேம்ஸ் கேட்வே" திட்டம். லண்டனின் கிழக்குப் பேட்டைகள், எசெக்ஸ், கென்ட் என்று எல்லையே பல நிர்வாகங்களில் சிதறிக்கிடந்தது. கட்டடக்கலைக்கும் கட்டமைக்கப்பட்ட சூழலுக்கும் அரசு 1999-இல் அமைத்த கேப் என்ற ஆணையம், அங்கே எல்லாத் தரப்பினரையும் வடிவமைப்புத் தரத்துக்கு உறுதி கூறவைக்க முயன்றது.

அதே கேப் ஆணையம் இங்கிலாந்து முழுவதும் புதிய குடியிருப்புகளை ஆய்வு செய்து 2007-இல் தொகுத்துச் சொன்னதை நினைவுகூருங்கள்: நன்று அல்லது மிக நன்று என்று தேறியவை 18 விழுக்காடு மட்டுமே; 29 விழுக்காடு அனுமதியே பெற்றிருக்கக் கூடாத அளவுக்கு மோசமானவை. அவை எல்லாம் அனுமதி பெற்றுக் கட்டப்பட்டவை, ஒவ்வொன்றின் விண்ணப்பத்திலும் உங்கள் வரைவிலுள்ள பெயரடைகள் இருந்திருக்கும். அந்த ஆய்வுக்குப் பயன்பட்ட 20 கேள்விகளில் பெரும்பாலானவை ரசனையைப் பற்றியவை அல்ல என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. பேருந்து நிறுத்தம் எட்டும் தொலைவில் இருக்கிறதா, தெருவைக் கார்கள் ஆக்கிரமிக்கின்றனவா, பொது இடங்களை வீடுகளின் ஜன்னல்கள் பார்க்கின்றனவா என்பன போன்றவை. இரண்டு பேர் தனித்தனியே நடந்து பார்த்தாலும் ஏறத்தாழ ஒரே விடைக்கு வர முடியும். எது அழகு என்ற வாதத்துக்குள் போகாமல் தரத்தை அளக்க வழி இருக்கிறது.

ஆனால் 2010-இல் அரசு நிதியை நிறுத்தியது. 2011-இல் ஆணையம் வேறொரு அமைப்போடு இணைக்கப்பட்டு முடிந்துபோனது. அதாவது இருபதாண்டுத் திட்டத்தைக் கண்காணிக்க வேண்டியவர்கள் திட்டத்துக்கு முன்பே போய்விட்டார்கள். நீர்நிலம் சொல்லும் தரக்குழுவை நானும் ஆதரிக்கிறேன். அதற்கான பணம் ஆண்டுதோறும் கேட்டு வாங்கும் மானியமாக இருந்தால் முதல் சிக்கன நடவடிக்கையில் வெட்டப்படுவது அதுதான். ஒவ்வொரு மனை விற்பனையிலிருந்தும் ஒரு சிறு பங்கு தானாகவே குழுவின் கணக்குக்குப் போகும்படி எழுதிவைக்காமல் யாரையும் அமர்த்த வேண்டாம்.

இன்னொன்று. வட்டாரத் தரம் என்றவுடன் ஓர் அருங்காட்சியகம், வளைந்த பாலம், பெயர்பெற்ற கலைஞர் என்று மனம் ஓடுகிறது. அங்கே வாழப்போகிறவர்களின் நாளில் பெரும்பகுதி பள்ளிக்குப் போகும் தெருவிலும் குப்பைத் தொட்டி வைக்கும் மூலையிலும் கழிகிறது.

முகத்துவாரன்

மூவருக்கும் மிக்க நன்றி. நிலம் கைமாறும் முன்பே நிபந்தனை தெரிந்திருக்க வேண்டும் என்பதை நிதிப் பிரிவிடம் இன்றே கொண்டுபோகிறேன். ஆனால் எங்கள் இடர் இன்னும் மோசமானது. திட்ட எல்லைக்குள் பொதுத் துறைக்குச் சொந்தமான நிலம் சிறு பங்குதான். மீதி நிலம் தனியாரிடம் இருக்கிறது, அதில் கணிசமான பகுதிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடக்கநிலை அனுமதி வழங்கப்பட்டுவிட்டது. ஹாம்பர்க்கின் சாவி எங்கள் பூட்டுக்குப் பொருந்துமா?

பதில்: கரிமண்

பொருந்தாது, ஜெர்மனியிலேயே வேறொரு சாவி இருக்கிறது. ரூர் பகுதியில் 1989 முதல் 1999 வரை நடந்த "எம்ஷர் பூங்கா" பன்னாட்டுக் கட்டடக் கண்காட்சி. பெயரில்தான் கண்காட்சி, உண்மையில் 17 நகராட்சிகள், ஏறத்தாழ 800 சதுர கிலோமீட்டர், சுமார் 120 செயல்திட்டங்கள் கொண்ட பத்தாண்டு வட்டாரப் புத்தாக்கம். நிலக்கரியும் எஃகும் வீழ்ந்தபின் எஞ்சிய நிலத்தில் பெரும்பகுதி கண்காட்சியை நடத்திய நிறுவனத்துக்குச் சொந்தமில்லை. கார்ல் கன்சரின் தலைமையில் இயங்கிய அந்தச் சிறிய நிறுவனத்துக்குத் திட்ட அனுமதி அதிகாரமும் இல்லை, கட்டுமானத்துக்கென்று பெரிய சொந்த நிதியும் இல்லை.

அதனிடம் இருந்தது வரிசை எண்ணை மாற்றும் ஆற்றல். வீட்டுவசதி, நகர மேம்பாடு, சூழல் சீரமைப்பு என்று மாநில அரசிடம் ஏற்கெனவே இருந்த மானியங்களில், கண்காட்சியின் முத்திரை பெற்ற செயல்திட்டங்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. முத்திரை வேண்டுமானால் வடிவமைப்புப் போட்டி, சூழல் தரம், குடியிருப்போரின் பங்கேற்பு ஆகியவற்றை ஏற்க வேண்டும். எனவே எவரையும் கட்டாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை. தரக்குறைவாகக் கட்ட விரும்பிய நகராட்சி வழக்கமான வரிசையில் நின்றுகொள்ளலாம். 1985-இல் மூடப்பட்ட டூயிஸ்பர்க் இரும்பு உருக்காலை, பீட்டர் லாட்ஸின் வடிவமைப்பில் உலைகளை இடிக்காமலேயே பூங்காவானது இந்த ஏற்பாட்டில்தான். இடித்து மட்டமாக்கித் தரிசாக விடுவதே அன்று வழக்கமாக இருந்தது.

உங்கள் வட்டாரத்தில் தனியார் நிலம் எவ்வளவு இருந்தாலும், அதை வாழத்தக்கதாக்கும் சாலையும் வடிகாலும் பாலமும் வெள்ளத் தடுப்பும் பொதுப் பணத்தில்தான் வரும். எந்த மனைக்கு முதலில் சாலை இணைப்பு, எந்தப் பகுதிக்கு முதலில் கழிவுநீர்க் குழாய் என்ற வரிசையை உறுதிமொழியோடு பிணையுங்கள். கையெழுத்திட்டு அதன்படி நடக்கும் நிலத்துக்கு முதலிடம்.

இதற்கு ஒரு விலை உண்டு: முதலில் உங்கள் துறைகளே அந்தத் தரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். நீரேற்று நிலையத்தைத் தகரக் கொட்டகையாக நிறுத்திவிட்டு, எதிர்மனைக்காரரிடம் நல்ல செங்கல் கேட்க முடியாது. ஒரு நூற்றாண்டாகத் திறந்த சாக்கடையாகக் கிடந்த எம்ஷர் ஆற்றை மீட்கும் வேலை 1992-இல் தொடங்கி, கழிவுநீர் கலப்பது 2021-இன் இறுதியில்தான் முற்றாக நின்றது. கண்காட்சி முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து. செலவு 500 கோடி யூரோவுக்கும் அதிகம். அங்கே பொதுத் துறை தன் பங்கை விட்டு நகரவில்லை என்பதால்தான் அதன் கரையில் மற்றவர்களும் பணம் போடத் துணிந்தார்கள்.

பதில்: நீர்நிலம்

கரிமண் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சாலைத் துறையின் கையெழுத்தை முதலில் வாங்குங்கள். வட்டாரத் திட்டங்களில் நல்ல குடியிருப்பைக் கெடுப்பது மோசமான கட்டடத்தைவிட, அதன் நடுவே வந்து விழும் அகன்ற சந்திப்பும் நடந்து கடக்க முடியாத வளைவுமே. வளைவின் ஆரத்தைக் குறைக்க ஒப்புக்கொள்வது, ஒரு பொறியாளர் தன் கையேட்டை மீறி எடுக்க வேண்டிய முடிவு. அவருக்கு மேலிருப்பவரின் கையெழுத்து இருந்தால்தான் அதை எடுப்பார்.

பதில்: மனைக்கணக்கு

பழைய அனுமதிகளைப் பற்றி: அவை பெரும்பாலும் அப்படியே கட்டப்படுவதில்லை. சந்தை மாறும், வீடுகளின் அளவு மாறும், நிறுவனமே கைமாறும். ஒவ்வொரு முறையும் திருத்தம் கேட்டு வருவார்கள். அந்தத் திருத்தம்தான் உங்களுக்குத் திறக்கும் கதவு. எத்தனை வீடுகள் என்ற எண்ணிக்கையை அவர்கள் திரும்பத் திறக்கும்போது, தெருவின் குறுக்குவெட்டையும் முகப்பின் விவரங்களையும் நீங்கள் திரும்பத் திறக்கலாம். இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கையில் 2018-இல் சேர்த்த ஒரு வாசகம் இதற்கு உதவும்: அனுமதிக்கும் நிறைவுக்கும் இடையில் செய்யப்படும் மாற்றங்களால் தரம் கணிசமாகக் குறைந்துவிடாதபடி உள்ளாட்சி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் ஆவணத்திலும் அதற்கு ஓர் இடம் கொடுங்கள். ஒரு படி மேலே போய், சிறு மாற்றங்களைத் தனித்தனியே பார்க்காமல், முதல் அனுமதியோடு ஒப்பிட்டு மொத்தமாகவே பரிசீலிக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

பராமரிப்பையும் விட்டுவிடாதீர்கள். மரம் நடுவதற்கு எல்லாத் திட்டத்திலும் பணம் இருக்கிறது, மூன்றாம் கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு யாரிடமும் இல்லை. பொதுவெளி எதுவாயினும், அதை ஏற்றுப் பராமரிக்கப்போகும் துறையின் ஒப்பம் வரைபடத்தில் இல்லாமல் கட்டத் தொடங்கக் கூடாது என்ற ஒரு வரி போதும். அந்த ஒப்பத்தைக் கேட்டுப் போகும்போதுதான், பளபளக்கும் தரைக்கல்லுக்குப் பதிலாக உடைந்தால் மாற்றிக்கொள்ளக் கிடைக்கும் கல்லை வரையச் சொல்வார்கள்.

முகத்துவாரன்

வரைவை மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் பத்தியில் இப்போது பெயரடை எதுவும் இல்லை; சாலை, வடிகால் இணைப்பின் வரிசையை நிர்ணயிக்கும் முறையும், தரக்குழுவின் நிதி எங்கிருந்து வரும் என்பதும் இருக்கின்றன. சாலைத் துறைக்கு முதலில் அனுப்புகிறேன். மாதிரிச் சுவரைப் பற்றி ஓர் ஐயம்: பல நிறுவனங்கள் பல காலங்களில் கட்டும் பெரிய மனையில், ஒவ்வொருவரும் தனித்தனியே கட்ட வேண்டுமா, அல்லது பொதுவான ஒன்று போதுமா?

பதில்: மனைக்கணக்கு

தனித்தனியே. ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் கட்டச் சொல்லுங்கள்.